காமடோர் 64: ஒரே நாளில் எட்டு விசைகள் செத்தன. புதிய மெக்கானிக்கல் விசைப்பலகை மாட்டலாமா?

#1 எட்டுபிட்டு

வணக்கம். என்னிடம் பழுப்புப் பெட்டி வகைக் காமடோர் 64 (சுருக்கமாக சி64) என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினி ஒன்று இருக்கிறது. போன வாரம் வரை ஒழுங்காக ஓடியது. நேற்று அலமாரியிலிருந்து இறக்கி மேசையில் வைத்தால் எட்டு விசைகள் வாய் திறக்கவில்லை: 7, 8, ஒய், யூ, ஜி, எச், வி, பிறகு பேசிக் மொழியின் முதலெழுத்தான பி. மற்றவை வேலை செய்கின்றன. ஆனால் இடைவெளி விசையையும் ரிட்டர்னையும் கட்டைவிரல் நோக அழுத்த வேண்டியிருக்கிறது.

இப்போது இதே இடத்தில் அப்படியே பொருந்தும், விசைக்கு ஒரு தனி சுவிட்ச் வைத்த மெக்கானிக்கல் விசைப்பலகைகள் கிடைக்கின்றன. பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். என் கேள்வி எளிது: சிவப்பு சுவிட்சா, பழுப்பு சுவிட்சா? அல்லது ஒரு மாற்றி வைத்து யூஎஸ்பி விசைப்பலகையையே செருகிவிடலாமா?

#2 கிளிக்சத்தம்

யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பழையது சர்க்யூட் போர்டின் மேல் கரி பூசிய ரப்பர் முனை வந்து தொடும் அமைப்பு. வயதாக ஆகக் கரி தேயும், தூசி ஏறும். எம்எக்ஸ் வகை சுவிட்சுக்குள் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. 4 மில்லிமீட்டர் பயணத்தில் பாதி வழியிலேயே எழுத்து பதிந்துவிடும், அடிமட்டம் வரை குத்த வேண்டியதில்லை. விளையாட்டுக்குத் தடையில்லாமல் இறங்கும் சிவப்பு, நிரல் அடிக்க நடுவில் லேசாகத் தட்டுப்படும் பழுப்பு. கிளிக் சத்தம் போடும் நீலம் வாங்கினால் வீட்டில் இருப்பவர்களோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

#3 மல்டிமீட்டர்கை

தம்பி, சுவிட்சின் நிறத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த எட்டு விசைகளின் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள்.

சி64 விசைப்பலகை என்பது எட்டுக்கு எட்டு கட்டங்கள் கொண்ட கம்பி வலை. எட்டு நெடுவரிகள், எட்டு கிடைவரிகள். விசையை அழுத்தினால் ஒரு நெடுவரியும் ஒரு கிடைவரியும் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே எந்த அறிவும் இல்லை. சிஐஏ எனப்படும் 6526 சிப்தான் ஒவ்வொரு நெடுவரியாகத் தாழ்த்தி, மறுபக்கம் எந்தக் கிடைவரி தாழ்கிறது என்று பார்க்கிறது.

நீங்கள் சொன்ன எட்டும் ஒரே நெடுவரியில் இருப்பவை. அந்த நெடுவரியில் ஒன்பதாவது விசை கிடையாது. எட்டு கரி முனைகள் ஒரே இரவில் கூடிப் பேசி வேலைநிறுத்தம் செய்யாது. எங்கோ ஒரே ஒரு கம்பி அறுந்திருக்கிறது, அல்லது சிஐஏவின் ஒரே ஒரு கால் செத்திருக்கிறது. கால் செத்திருந்தால் உலகத்திலேயே சிறந்த மெக்கானிக்கல் விசைப்பலகையை மாட்டினாலும் அதே எட்டு விசைகள் அங்கும் ஊமையாகத்தான் இருக்கும்.

சோதனை சுலபம். அந்த நெடுவரி சிஐஏவின் 5-ஆவது காலில் போய் முடிகிறது. இரண்டாம் ஜாய்ஸ்டிக் துளையின் ‘வலது’ திசையும் அதே காலுக்குத்தான் போகிறது. இரண்டாம் துளையில் ஜாய்ஸ்டிக்கைச் செருகிவிட்டு 56320 என்ற நினைவக முகவரியில் என்ன எண் இருக்கிறது என்று பேசிக்கின் பீக் கட்டளையால் பாருங்கள். சும்மா இருக்கும்போது 127, வலதுபுறம் தள்ளும்போது 119 வர வேண்டும்.

#4 எட்டுபிட்டு

ஐயா, சொன்னதைச் செய்ய உட்கார்ந்தேன். பீக் என்று அடித்தேன். அடைப்புக்குறி போட வேண்டும். அது ஷிப்ட் பிடித்துக்கொண்டு 8.

#5 மல்டிமீட்டர்கை

ஆமாம், மறந்துவிட்டேன்! மன்னிக்கவும்.

#6 கரித்தடம்

சிரித்துவிட்டேன். அதோடு நிற்கவில்லை, வட்டிலிருந்து எதையாவது ஏற்றலாம் என்றால் லோட் கட்டளையின் கடைசியில் காற்புள்ளி போட்டு டிஸ்க் டிரைவின் எண்ணான 8 என்று அடிக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது: 8 என்பதற்குப் பதிலாக 4+4 என்று அடியுங்கள். அந்த இடத்தில் பேசிக் கணக்குப் போட்டுத்தான் படிக்கும், ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஏற்றியபின் ரன் என்று அடிக்க யூ இல்லை. கோட்டூ என்று அடிக்க ஜி இல்லை.

கேட்ரிட்ஜ் விளையாட்டு இருந்தால் அதைச் செருகி, இரண்டாம் துளையில் ஜாய்ஸ்டிக்கால் வலதுபுறம் போக முடிகிறதா என்று பாருங்கள். விஷயம் முடிந்தது.

#7 ரப்பர்_விசை

நான் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினி ஆள். எங்கள் பக்கமும் இதே கதைதான், கணக்கு மட்டும் வேறு. 1982-இல் வந்த ரப்பர் விசை ஸ்பெக்ட்ரமில் 40 விசைகள்; விசைகளுக்கு அடியில் இருக்கும், தடங்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளான மெம்பிரேனிலிருந்து இரண்டு வால்கள் இறங்கும், ஒன்றில் 8 தடங்கள், இன்னொன்றில் 5. எட்டுத்தட வாலில் ஒன்று விட்டால் அரை வரிசை, அதாவது ஐந்து விசைகள் போகும். ஐந்துதட வாலில் ஒன்று விட்டால் எட்டு விசைகள் போகும். செத்த விசைகளை எண்ணினாலே எந்த வாலைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வால் மடியும் இடத்தில் காய்ந்து, சருகுபோல நொறுங்கியிருக்கும். நுனியைச் சில மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகினால் கொஞ்சநாள் ஓடும். அதன்பின் புது மெம்பிரேன்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தக் காலத்திலேயே செய்து, உறை பிரிக்காமல் கிடக்கிறது என்று யாராவது மெம்பிரேன் கொடுத்தால் ஏமாறாதீர்கள். உறைக்குள் இருந்தாலும் அதற்கும் அதே வயதுதான். இப்போது புதிதாகச் செய்து வருவதைத்தான் வாங்க வேண்டும்.

#8 எட்டுபிட்டு

கேட்ரிட்ஜ் போட்டுப் பார்த்தேன். வலதுபுறம் தாராளமாகப் போகிறது. அப்படியானால் சிஐஏ உயிரோடு இருக்கிறது, இல்லையா?

#9 மல்டிமீட்டர்கை

இருக்கிறது. நல்ல செய்தி. அந்தச் சிப்பின் கால்கள் ஜாய்ஸ்டிக் துளை வரை வெறுமனே வந்து நிற்கின்றன. உலர்ந்த நாளில் விரலால் அந்த முனைகளைத் தொட்டாலே நிலைமின்சாரம் ஏறி, கால் போய்விடலாம்.

இடையில் ஒரு பழைய கதை. ஒருமுறை இதே அறிகுறியோடு வந்த இயந்திரத்தில் இரண்டு சிஐஏக்களையும் இடம் மாற்றி வைத்தேன். சி64-இல் ஒரே வகை சிப்கள் இரண்டு இருக்கின்றன அல்லவா? விசைகளெல்லாம் உயிர்பெற்றன. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகு டிஸ்க் டிரைவைச் செருகினால் அது அசையவே இல்லை. இரண்டாவது சிஐஏவில் அதே கால்தான் டிரைவைக் கூப்பிடும் கவனக் கம்பி! கோளாறு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் குடிபோயிருந்தது.

உங்கள் விஷயத்தில் மிச்சம் இருப்பது கம்பி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, 20 முனை இணைப்பை உருவி, மல்டிமீட்டரை, இரு முனைகள் இணைந்திருந்தால் ஓசை எழுப்பும் தொடர்ச்சி சோதனையில் வையுங்கள். ஜி விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இணைப்பின் முனைகளில் தேடுங்கள். ஓசை வராவிட்டால் கம்பி விசைப்பலகையின் போர்டில் பற்றவைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அடிக்கடி திறந்து மூடும் பெட்டிகளில் மேல்மூடியோடு சேர்ந்து கம்பியும் இழுபட்டு, அந்த இடத்தில்தான் அறும்.

#10 எட்டுபிட்டு

கண்டுபிடித்துவிட்டேன். கம்பியைச் சுற்றிய உறை மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. நுனியைச் சீவி மறுபடி பற்றவைத்தேன். எட்டும் பேசுகின்றன.

ஆனால் ரிட்டர்னும் இடைவெளியும் அப்படியேதான் இருக்கின்றன. உண்மையைச் சொன்னால், எனக்கு இன்னும் மெக்கானிக்கல் மீது ஆசை போகவில்லை.

#11 கரித்தடம்

ஆசையைக் குறை சொல்லவில்லை. முதலில் ஒரு மாலை ஒதுக்கிச் சுத்தம் செய்து பாருங்கள். ஷிப்ட் லாக்குக்குப் போகும் இரண்டு கம்பிகளைப் பற்று நீக்கிவிட்டு, பின்னால் இருக்கும் குட்டித் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் போர்டு தனியாக வரும். எத்தனை திருகுகள் என்று எண்ணி ஒரு கிண்ணத்தில் போடுங்கள். ஒன்று தரையில் விழுந்தால் அன்றைய மாலை அதோடு போயிற்று. போர்டில் இருக்கும் தடங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். ரப்பர் முனையின் கரியை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள், வெள்ளைத் தாளில் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். தேய்த்தால் அழுக்கோடு கரியும் போய்விடும்.

நான் பார்த்த பத்து ‘செத்த’ விசைப்பலகைகளில் பெரும்பாலானவை சாகவில்லை, குளிக்காமல் இருந்தன.

#12 கிளிக்சத்தம்

சுத்தம் செய்தால் திரும்ப வரும், மறுக்கவில்லை. ஆனால் அது எழுந்து நின்றாலும் அதே பழைய தள்ளாட்டம்தான். மெக்போர்டு64 போன்ற மாற்றுப் பலகைகளின் வசதி என்னவென்றால், இயந்திரத்தில் எதையும் வெட்ட வேண்டாம், பற்றவைக்க வேண்டாம். அதே 20 முனை இணைப்பு. பிடிக்கவில்லையென்றால் பழையதை மறுபடி மாட்டிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வைத்த பலகையாகப் பார்த்து வாங்குங்கள், பேய் எழுத்துத் தொல்லையும் தீரும்.

#13 மல்டிமீட்டர்கை

டையோடு பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன்.

பேய் எழுத்து என்னவென்று தெரியாதவர்களுக்கு: சி64-இல் ஏ, எஸ், டி மூன்றையும் ஒருசேர அழுத்துங்கள். நீங்கள் தொடாத எஃப்-உம் அழுந்தியதாகவே கணினி படிக்கும். அந்த நான்கும் வலையில் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகள். மூன்று மூலைகள் மூடினால் மின்சாரம் சுற்றி வந்து நான்காவதையும் மூடியதுபோல் காட்டும். விசைக்கு ஒரு டையோடு வைத்தால் சுற்றி வரும் பாதை அடைபடும். நவீன விசைப்பலகைகள் அப்படித்தான் செய்கின்றன, அங்கே அது சரி.

ஆனால் டையோடு ஒருவழிப் பாதை. சி64-இன் உள்நிரல் நெடுவரியைத் தாழ்த்திக் கிடைவரியைப் படிக்கிறது, அதாவது 56320-இல் எழுதி 56321-இல் படிக்கிறது. சிஐஏவின் இரண்டு வாசல்களும் இருபக்கமும் இயங்கக்கூடியவை. ஆகவே சில நிரல்கள் தலைகீழாகக் கிடைவரியைத் தாழ்த்தி நெடுவரியைப் படிக்கும். டையோடு வைத்த பலகையில் அந்த நிரலுக்கு எல்லா விசையும் செத்துப்போனதாகத் தெரியும். விளையாட்டு ஓடும், விசை வேலை செய்யாது, நீங்கள் புதுப்பலகையைத் திட்டுவீர்கள்.

பழைய இயந்திரத்துக்கான பலகை பழைய வலையாகவே இருக்கட்டும். பேயும் அந்த வீட்டுக்காரர்தான்.

#14 கிளிக்சத்தம்

தலைகீழாகப் படிக்கும் நிரல்கள் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டையோடை விட்டுவிடுகிறேன். சிவப்பை விட மாட்டேன்.

#15 அமிகா_மாலை

இந்த இழையில் ஒன்றைச் சேர்க்கிறேன், மற்ற இயந்திரக்காரர்களும் படிக்கிறார்கள். மாற்றுப் பலகை வாங்கும் முன் ‘என் இயந்திரத்தில் விசைப்பலகையின் மூளை எங்கே இருக்கிறது’ என்று கேளுங்கள். அமிகா 500-இல் விசைப்பலகைக்குள்ளேயே தனி நுண்செயலி இருக்கிறது. அது ஒவ்வொரு விசையையும் வரிசை பிட்டுகளாக அனுப்பி, கணினி ‘வந்தது’ என்று தலையாட்டும்வரை காத்திருக்கிறது. அமிகா 1200-இல் பலகை வெறும் மெம்பிரேன் வலை. அதைப் படிக்கும் செயலி தாய்ப்பலகையில் இருக்கிறது. பார்க்க அண்ணன் தம்பிபோல இருக்கும், ஒன்றின் பலகை மற்றதற்கு ஆகாது. ஆப்பிள் 2 இன்னும் வேறு: விசைப்பலகை பக்கத்திலிருந்து எந்த எழுத்து என்று முடிவுசெய்த ஆஸ்கி குறியீட்டு எண்ணே வருகிறது, எந்தெந்த விசைகள் சேர்ந்து அழுந்தின என்பது கணினிக்குத் தெரியவே தெரியாது. அதற்கு யூஎஸ்பி மாற்றி செய்வது மிகச் சுலபம்.

காமடோருக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. விக்-20 பலகையை சி64-இல் மாட்டலாம், ஓடும். சி16 பலகை அதே முகம்தான், ஆனால் இணைப்பு வேறு.

#16 எட்டுபிட்டு

யூஎஸ்பி மாற்றி பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?

#17 மல்டிமீட்டர்கை

செய்யலாம். வழக்கமான வழி: ஒரு மைக்ரோகன்ட்ரோலர் யூஎஸ்பி விசைப்பலகையைப் படிக்கும், பிறகு எம்டி8808 போன்ற 8×8 குறுக்குப்புள்ளி சுவிட்ச் சிப்பை வைத்து அதே வலையில் அதே இரண்டு கம்பிகளைத் தொடவைக்கும். கணினிக்கு உண்மையான விசை அழுந்தியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. சிப் இருபக்கமும் கடத்துவதால் தலைகீழ் நிரல்களும் ஓடும்.

தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. சி64-இல் மேற்கோள்குறி ஷிப்ட் பிடித்த 2. இன்றைய அமெரிக்கப் பலகையில் ஷிப்ட் பிடித்த 2 என்பது @ குறி. ஆனால் சி64-இல் @ குறிக்கு ஷிப்டே இல்லாத தனி விசை இருக்கிறது. நீங்கள் ஷிப்டையும் 2-ஐயும் அழுத்தினால் மாற்றி என்ன செய்ய வேண்டும்? எழுத்துப்படி நடந்தால், நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஷிப்டைக் கணினியின் கண்ணிலிருந்து ஒரு கணம் மறைத்து, @ விசையைத் தொட்டு, மறுபடி ஷிப்டைக் கொடுக்க வேண்டும். ஷிப்டையே சுடும் பொத்தானாக வைத்திருக்கும் விளையாட்டில் இந்த ஏமாற்று வேலை காலை வாரிவிடும். விசை இருக்கும் இடப்படி நடந்தால் விளையாட்டு நன்றாக ஓடும். ஆனால் திரையில் வருவதும் விசையில் எழுதியிருப்பதும் வேறு வேறாக இருக்கும். நல்ல மாற்றிகள் இரண்டு முறைகளையும் வைத்து ஒரு விசையால் தாவ விடுகின்றன. எந்த நேரத்தில் எந்த முறையில் இருக்கிறோம் என்பதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும், நான் வைப்பதில்லை.

#18 ரப்பர்_விசை

எங்கள் பக்கம் அது இன்னும் மோசம். ஸ்பெக்ட்ரமில் ஒரே விசைக்கு ஐந்து வேலை. வரியின் தொடக்கத்தில் ஜே அழுத்தினால் ஜே வராது, லோட் என்ற முழுச்சொல் வரும். சிம்பல் ஷிப்டோடு பி (P) அழுத்தினால் மேற்கோள்குறி. எந்த விசையில் என்ன ஒளிந்திருக்கிறது என்பது விசையின் மேலும் கீழும் அச்சிட்டிருந்தால்தான் தெரியும். எழுத்தில்லாத வெற்று விசைமூடி போட்ட அழகான மெக்கானிக்கல் பலகையின் முன்னால் உட்கார்ந்தால், முழுச்சொற்களை மனப்பாடம் செய்யாதவர் ஒரு வரிகூட எழுத முடியாது.

உயரமும் ஒரு சிக்கல். அந்தப் பெட்டி மெலிந்தது. முழு உயர எம்எக்ஸ் சுவிட்ச் உள்ளே அடங்காது, உயரம் குறைந்த வகை வேண்டும். எனக்கென்னவோ புது மெம்பிரேனும் புது ரப்பர் பாயும் போதும். அந்தத் தொளதொளப்பு இல்லாத ஸ்பெக்ட்ரம் எனக்கு அந்நியமாக இருக்கிறது.

#19 கிளிக்சத்தம்

மூடிகள் பற்றிப் பேச்சு வந்ததால்: சி64-க்கும் அங்கேதான் உண்மையான செலவும் சிரமமும். சுவிட்சைப் பற்றித்தான் எல்லோரும் வாதாடுகிறார்கள், கை தினமும் தொடுவது மூடியை.

பழைய மூடிகளையே பயன்படுத்த, எம்எக்ஸின் சிலுவைத் தண்டுக்கும் பழைய மூடியின் அடிப்பகுதிக்கும் நடுவே முப்பரிமாண அச்சில் செய்த ஒரு சிறு இணைப்பான் வைக்கிறார்கள். சி64 விசைப்பலகைகள் பல வகைகளில் வந்தன, எல்லா மூடிகளின் அடிப்பகுதியும் ஒன்றல்ல. வாங்கும் முன் ஒரு மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். கம்பி இழுப்பானால் நேராக மேலே இழுங்கள். சாய்த்தால் தண்டு முறியும்.

புது மூடிகள் வேண்டுமென்றால் இன்னொரு சிக்கல். சாய ஏற்ற அச்சு முறையில் பிளாஸ்டிக்கைவிடக் கருமையான எழுத்தைத்தான் போட முடியும். காமடோரின் பழுப்பு மூடியில் வெள்ளை எழுத்து வேண்டும், அந்த முறை கைகொடுக்காது. எழுத்தையே வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வார்க்கும் இருநிற வார்ப்பு மேல்பக்க எழுத்துக்கு அருமை. ஆனால் மூடியின் முன்பக்கத்தில் இருக்கும் கோடு, கட்டம் போன்ற வரைகுறிகளை என்ன செய்வது? அவற்றைத் தனியாக மேலே அச்சிட வேண்டும், மேலே அச்சிட்டது நாளடைவில் தேயும். முன்பக்கக் குறிகள் இல்லாத மூடி மலிவாகக் கிடைக்கும். கட்டம் போட்டுப் படம் வரைபவர்கள் அதை வாங்கவே கூடாது.

#20 எட்டுபிட்டு

மாட்டிவிட்டேன். டையோடு இல்லாத பலகை, பழைய மூடிகள், இணைப்பான்கள், பழுப்பு சுவிட்ச். சொன்னபடி ஓடுகிறது. ஏ, எஸ், டி அழுத்தினேன்: எஃப் வந்தது. பேய் பத்திரம்.

எதிர்பாராத ஒன்று: ரெஸ்டோர் விசை. பழைய பலகையில் அதைக் கைமுட்டியால் குத்தினால்தான் கேட்கும். இப்போது லேசாகத் தட்டினாலே போதும். ஏன்?

#21 மல்டிமீட்டர்கை

ரெஸ்டோர் அந்த வலையில் இல்லை. அதன் கம்பி தனியாகப் போய், செயலியின் மறுக்க முடியாத குறுக்கீட்டைத் தட்டுகிறது. பழைய தாய்ப்பலகைகளில் நடுவே மிகச் சிறிய மின்தேக்கி ஒன்று இருக்கிறது. அது திடீர் மாற்றத்தை மட்டுமே கடத்தும். கரி முனை மெதுவாக, தயங்கித் தொடும். அதனால் வேகமாகக் குத்த வேண்டியிருந்தது. உலோகம் சட்டென்று தொடுகிறது.

ஷிப்ட் லாக் எப்படி இருக்கிறது?

#22 எட்டுபிட்டு

ஒரு முறை தட்டினால் பூட்டும், மறுமுறை தட்டினால் விடும், பக்கத்தில் குட்டி விளக்கு எரிகிறது. விசை கீழேயே நிற்பதில்லை, சாதாரண விசைபோல மேலே வந்துவிடுகிறது. உள்ளே சின்னச் சுற்று ஒன்று அதை நினைவில் வைத்துக்கொண்டு இடது ஷிப்டைப் பிடித்துக்கொள்கிறதாம். விளக்கைப் பார்க்க மறந்து, அரைப்பக்கம் வரைகுறிகளாக அடித்துவிட்டேன்.

#23 கரித்தடம்

கீழே போய் ‘டக்’ என்று நிற்கும் பழைய ஷிப்ட் லாக்தான் எனக்கு வேண்டும், என்னுடையது உடைந்து ஒரு வருடமாகிறது. உங்கள் பழைய பலகை சும்மாதானே கிடக்கிறது?

#24 எட்டுபிட்டு

தர மாட்டேன் அண்ணா. நீங்கள் சொன்னபடி ஒரு மாலை உட்கார்ந்து சுத்தம் செய்துவைத்திருக்கிறேன். ரிட்டர்ன் இப்போது புதிதுபோல இருக்கிறது. என்றாவது அதையே திரும்ப மாட்டினாலும் மாட்டுவேன்.

#25 கரித்தடம்

ஷிப்ட் லாக் கம்பிகள் இரண்டையும் மறுபடி பற்றவைத்தீர்களா?

#26 எட்டுபிட்டு

இல்லை.

#27 கரித்தடம்

அப்படியானால் இப்போதைக்கு அது உங்களுக்கும் வேலை செய்யாது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.